ஞானமலர் கேட்கப் போன பாட்டு

அருளப்புவைக் கள்ளுத் தவறணையிலிருந்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தே பாதி ஆயுளைக் கழித்தவள் ஞானமலர். அப்படிப்பட்டவள் அதே அருளப்புவின் கையைப் பிடித்து ஒரு பாருக்குள் இழுத்துக்கொண்டு போனாள் என்றால் முல்லைத்தீவில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆனால் போனாள். வவுனியா நகரத்தின் நடுவில், பௌர்ணமிப் போயாவுக்கு முதல்நாள் சனிக்கிழமை பின்னேரம், கோயில் திருநாளுக்கு உடுக்கிற சேலையை உடுத்து, செபமாலையைக் கைப்பைக்குள் போட்டு, மீன் பெட்டியையும் தூக்கிக்கொண்டு போனாள்.

ஏன் போனாள் என்பதைச் சொல்வதற்கு முன் ஆளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். முல்லைத்தீவுக் கரையில் மீன் வாங்கி, ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ் கரையாத றெஜிபோம் பெட்டியைக் கட்டி, வற்றாப்பளை, முள்ளியவளைப் பக்கமெல்லாம் வீடு வீடாக விற்கிறவள் அவள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஸ்கூட்டியில் ஹோர்ன் இருக்கிறது, அவள் அதைத் தொடுவதில்லை. சந்தியில் நின்று "சூடை, பாரை, கணவாய்" என்று அவள் ஒருமுறை கூப்பிட்டால் அடுத்த ஒழுங்கையில் படுத்திருக்கிற பூனையெல்லாம் எழும்பிவிடும். அம்மன் பொங்கல் நாட்களில் மட்டும் அந்தப் பக்கத்துச் சனம் மீன் மச்சம் வாங்காது. அப்போது ஸ்கூட்டியைக் கழுவி நிறுத்திவிட்டு வீட்டில் இருக்கிறவர்களோடு சண்டை பிடிப்பாள். சும்மா இருக்க அவளுக்குத் தெரியாது.

புருசன் அருளப்பு கடலுக்குப் போகிறவர். ஒரு வீட்டில் இரண்டு வாய் தேவையில்லை என்று நினைத்தாரோ என்னவோ, கல்யாணம் முடித்த நாளிலிருந்து கதையைக் குறைத்துக்கொண்டார். குடியை விட்டதும் அவர்தான். அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்து விட்டேன் என்று அவர் சொல்வார். ஞானமலர் அவர் உடுக்கிற சாரத்தையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை மடியில் செருகிக்கொண்டதால் வெளியில் போக வழியில்லாமல் விட்டவர் என்று ஊர் சொல்லும். இரண்டிலும் உண்மை இருக்கிறது.

இவர்களுக்கு ஒரே பிள்ளை, றொனால்ட். அவன் பாடுவான். அதுதான் ஞானமலரின் பெருமை, அதுவேதான் அவளுடைய கவலையும். பிள்ளை பாடி அவள் ஒருநாளும் கேட்டதில்லை. சிரிக்காதீர்கள், உண்மையாகவே கேட்டதில்லை. யுத்தம் முடிந்து செட்டிகுளம் அகதி முகாமில் இருந்த காலத்தில், தறப்பாள் கட்டிய கோயிலில் நத்தார் பூசைக்கு அவன் தனியாகப் பாடினான். அந்த நேரம் ஞானமலர் இரண்டு வாளியோடு தண்ணீர் வரிசையில் நின்றாள். திரும்பி வந்தால் பெண்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ர பெடியன் பாடினதைக் கேட்டிருக்கவேணும்" என்றார்கள். ஊருக்குத் திரும்பியபின் அவன் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்றைக்குப் பீடத்தில் நின்று பாடினான். அவள் குசினியில் விருந்துக் கறிக்கு உப்புப் பார்த்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடப் பரிசளிப்பு விழாவுக்கு எப்படியும் போய்விடுவதென்று வெளிக்கிட்டாள், பாதி வழியில் ஸ்கூட்டிக்குக் காற்றுப் போய்விட்டது. அவள் வியர்க்க வியர்க்கத் தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் கதிரை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் பாடச் சொன்னால் அவன் பாடமாட்டான். கூச்சம் என்று விட்டுவிட்டாள். பிறகு ஆள் வளர்ந்து, மீசை வைத்து, வவுனியாவில் ஒரு இசைக்குழுவில் சேர்ந்திருப்பதாகப் போனில் சொன்னான். "மேடையிலதான் நிக்கிறனான் அம்மா" என்றான். அந்த ஒரு வசனம் போதும் அவளுக்கு. அன்றையிலிருந்து மீன் வாங்க வந்தவர்கள் மீனோடு இந்தச் செய்தியையும் சேர்த்து வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. ஒரு கிலோ பாரைக்கு ஒருமுறை, கணவாய் என்றால் இரண்டுமுறை. நேசமலர் என்ற வாடிக்கைக்காரி பொறுக்கமாட்டாமல் ஒருநாள் கேட்டுவிட்டாள்: "அக்கா, அவன் என்ன பாட்டுப் பாடுறவன்?"

ஞானமலருக்கு வாயடைத்துப் போயிற்று. அவளுடைய வாழ்நாளில் அது நடந்தது அன்றைக்குத்தான். மீனைக் கூட நிறுக்காமல் திரும்பி வந்தவள், கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த புருசனுக்கு முன்னால் போய் நின்றாள்.

"இஞ்சேருங்கோ, சனிக்கிழமை வவுனியாவுக்குப் போறம்."

"என்னத்துக்கு?"

"பிள்ளை பாடுறதைக் கேக்க. சனிக்கிழமை பெரிய புரோகிராமாம், ஏதோ ஹொட்டலிலயாம்."

அருளப்பு ஊசியைக் கீழே வைத்தார். தொண்டையைச் செருமினார். "அது ஹொட்டல் இல்லை மலர். பார்."

"பாரெண்டா என்ன? மேடை இருக்குதுதானே?"

"எனக்கு நேர்த்தி இருக்கு."

"குடிக்கமாட்டன் எண்டுதானே நேர்த்தி. கதிரையில இருக்கிறதுக்கு அந்தோனியார் ஒண்டும் சொல்லமாட்டார். வெளிக்கிடுங்கோ."

"அவனுக்கு ஒருக்காச் சொல்லிப்போட்டுப் போவமே."

"சொன்னா வேண்டாமெண்டுவான். கூச்சக்காரன். சொல்லாமல் போறதுதான் முறை."

அருளப்பு அதற்குமேல் எதையோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு ஊசியை எடுத்துக்கொண்டார். பாவம், அப்போதே சொல்லியிருக்கலாம்.

இனி அந்த மீன் பெட்டி. எங்கள் கரையில் கோயில் திருநாளுக்குக் கூத்துப் போடுவார்கள். யாருடைய பிள்ளை, யாருடைய புருசன் வேசம் கட்டி மேடைக்கு வருகிறானோ, அவனுடைய வீட்டுப் பெண்கள் மாலையோடு கீழே காத்திருப்பார்கள். ஆள் வந்து முதல் அடியைப் பாடத் தொடங்கும்போது மேடைக்கு ஏறி, மாலையைப் போட்டு, சோடாப் போத்தலை உடைத்துக் கையில் கொடுத்துவிட்டு இறங்குவார்கள். ராசா போருக்குப் புறப்பட்ட அவசரத்தில் இருந்தாலும் நின்று சோடா குடித்துவிட்டுத்தான் போவார். மாலை விழாத கூத்துக்காரனைச் சனம் பார்க்கிற பார்வை வேறு. அருளப்பு ஒரு வருசம் காவற்காரன் வேசம் கட்டினார், அவருக்கு இருந்ததே இரண்டு வரி. அதற்கும் ஞானமலர் மாலையோடு ஏறினாள். அந்தச் சந்தோசத்தில் இரண்டு வரியையும் அவர் மறந்துபோனார்.

பெற்ற பிள்ளை மேடையில் நிற்கப் போகிறான், தாய் வெறுங்கையோடு போவாளா? வெள்ளிக்கிழமையே நல்ல தடிப்பமாக ஒரு மாலை கட்டுவித்தாள். பஸ்ஸில் போகும்போது வாடிவிடுமே என்று யோசித்தாள். மீன் வாடாமல் இருக்க என்ன செய்கிறோம்? பெட்டிக்குள் ஐஸைப் போட்டாள், ஐஸுக்கு மேல் மாலையை வைத்தாள், பக்கத்தில் ஒரு சோடாவைப் படுக்கவைத்தாள், மூடிக் கயிறு கட்டினாள். பஸ்ஸில் கொண்டக்டர் மூக்கைச் சுழித்து, "அம்மா, மீன் ஏத்தேலாது" என்றான். "மீன் இல்லையடா தம்பி, மாலை" என்றாள். அவன் பெட்டியை ஒருமுறை மோந்து பார்த்தான். அவளை ஒருமுறை பார்த்தான். பிறகு பின்சீட்டைக் காட்டினான்.

பாரின் வாசலில் நின்ற காவற்காரனுக்கு இதற்குமேல் சந்தேகம். வெளியிலிருந்து சாராயம் கொண்டு வந்து உள்ளே குடிக்கிறவர்களை அவன் நிறையப் பார்த்திருக்கிறான். ஆனால் சேலை கட்டிய ஒரு அம்மா, பெட்டி கட்டிக் கொண்டுவந்து அவன் பார்த்ததில்லை.

"பெட்டியைத் திறவுங்கோ அம்மா."

திறந்தாள். ஐஸ் புகை ஆவியாக மேலே வந்தது. மாலை நல்ல குளிரில் சுகமாகக் கிடந்தது.

"இது என்னத்துக்கு?"

"என்ர மகன் உள்ளுக்குப் பாடுறான். அவனுக்குப் போட."

"சோடா உள்ளுக்கு விக்கினம் அம்மா. வெளிச் சோடா கொண்டுபோகேலாது."

"தம்பி, நீர் தாய் வயித்தில பிறந்தனீரோ, இல்லையோ?"

இந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்வது என்று அவனை வேலைக்கு எடுத்தவர்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒதுங்கி நின்றான்.

உள்ளே போனதும்தான் விசயம் விளங்கிற்று. போயா நாளில் நாடு முழுக்கச் சாராயக் கடை பூட்டு. அதனால் முதல்நாளே இரண்டு நாளுக்கானதையும் குடித்து முடித்துவிட வேண்டுமென்று வவுனியாவின் ஆம்பிளைகள் பாதிப் பேர் அங்கே வந்திருந்தார்கள். போதாததற்குச் சுவரில் மாட்டியிருந்த பெரிய ரீவீயில் கிரிக்கெட் மட்ச். நிற்க இடமில்லை, கையை உயர்த்தினால் இறக்க இடமில்லை. மீன் சந்தையிலேயே வளர்ந்த ஞானமலருக்கே காது அடைத்தது. மேடைக்கு முன்னால் பாய் விரித்து இருக்கலாம் என்றுதான் நினைத்து வந்திருந்தாள். பாயைக் கொண்டு வரவில்லையே என்று வழி முழுக்கக் கவலைப்பட்டும் இருந்தாள்.

மேடை என்று சொல்ல முடியாது, மூலையில் ஒரு பலகைத் தட்டு. அதற்குக் கிட்ட இருந்த மேசையில் அக்கராயனிலிருந்து வந்த நாலைந்து பெடியள். வெள்ளாமை வெட்டி முடித்துக் களைப்பாற வந்தவர்கள். அவர்களில் துசியந்தன் என்பவன் ஞானமலரைக் கண்டதும் பள்ளிக்கூடத்தில் அதிபரைக் கண்டவன் போல எழும்பி நின்றான். கையிலிருந்த கிளாஸைப் பின்னால் ஒளித்தான்.

"இருங்கோ அம்மா. ஐயா, நீங்களும் இருங்கோ. ஆரையும் தேடி வந்தனீங்களோ?"

"இல்லையடா தம்பி. பாட்டுக் கேக்க."

மேசையில் மற்றவர்களும் கிளாஸை இறக்கி வைத்தார்கள். பிறகு துசியந்தன் கடலைப் பிளேட்டை அவள் பக்கம் தள்ளிவைத்தான். வெயிற்றர் வந்து, பழக்கதோசத்தில், "அம்மா என்ன எடுக்கிறீங்கள்?" என்று கேட்டான்.

"பிளேன்ரீ இருக்கோ?"

"பிளேன்ரீ இல்லை அம்மா."

"இவ்வளவு போத்தல் அடுக்கி வைச்சிருக்கிறியள், ஒரு தேயிலைத் தூள் இல்லையோ?"

வெயிற்றர் குசினிக்குள் போனான். கொஞ்ச நேரத்தில் அவர்கள் தங்களுக்கென்று ஊற்றிவைத்திருந்த தேத்தண்ணீரில் இரண்டைப் பியர் கிளாஸில் கொண்டுவந்து வைத்தான். அருளப்பு அதைக் கையில் எடுத்தார். தூரத்திலிருந்து பார்த்தால் நல்ல சாராயம் போலத்தான் இருந்தது. பக்கத்து மேசையில் இருந்த ஒருவர், முன்பின் தெரியாதவர், "சியர்ஸ் அண்ணை" என்று கிளாஸை முட்டினார். அருளப்பு சுற்றிவரப் பார்த்துவிட்டு, இரகசியமாக, தானும் முட்டினார். நாலைந்து வருசத்துக்குப் பிறகு அவருடைய முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். நேர்த்தியும் முறியவில்லை, மரியாதையும் கெடவில்லை.

அப்போதுதான் மேடைக்குப் பின்னாலிருந்த கதவு திறந்தது. றொனால்ட் வந்தான்.

கறுப்புச் சேட்டு, கழுத்தில் சுற்றிய வயர், மெலிந்துவிட்டான். ஞானமலர் மெலிவைத்தான் முதலில் பார்த்தாள், எந்தத் தாயும் அப்படித்தான். அவன் கீழே பார்க்கவில்லை. மைக்கைத் தட்டினான். குனிந்து வாயைக் கிட்டக் கொண்டுபோனான்.

"ஹலோ. ஹலோ. செக். வன், டூ."

அவ்வளவுதான். ஞானமலர் எழும்பிவிட்டாள். பிள்ளை முதல் அடியைத் தொடங்கிவிட்டான், தாய் இன்னும் கதிரையில் இருந்தால் சனம் என்ன சொல்லும்? பெட்டிக் கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்தாள், மாலையை அள்ளினாள், சோடாவை இடுப்பில் செருகினாள். அருளப்பு அவளுடைய சேலைத் தலைப்பைப் பிடிக்கப் பார்த்தார். "மலர், பொறும், பொறும், அவன் வந்து..." என்று தொடங்கினார். அந்தக் காது அடைக்கிற சத்தத்தில் அவருடைய வசனத்தின் மிச்சம் போன இடம் தெரியவில்லை. துசியந்தன் கையைக் கொடுத்து அவளைப் பலகையில் ஏற்றிவிட்டான். அவனுக்குக் காரணம் தெரியாது, ஆனால் மாலையோடு நிற்கிற அம்மாவை ஏற்றிவிடத்தான் வேண்டும் என்று அவனுடைய ஊரிலும் பழக்கம்.

றொனால்ட் நிமிர்ந்தான். கண்ணுக்கு முன்னால் அம்மா. வாயைத் திறப்பதற்குள் மாலை கழுத்தில் விழுந்துவிட்டது. ஐஸ் தண்ணீர் முதுகால் ஓடியது, பாரை மீன் வாசம் குப்பென்று எழும்பியது.

பார் முழுக்க ஆரவாரம். கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் திரும்பினார்கள். யாரோ விசில் அடித்தார்கள். "பாடு மச்சான்" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான், உடனே எல்லாரும் மேசையில் தாளம் போடத் தொடங்கினார்கள். ஞானமலர் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சோடா மூடியைத் திறந்தாள்.

"அம்மா... நீங்கள் எப்பிடி இஞ்ச..."

"கதைக்காதை ராசா. முதல் சோடாவைக் குடி, தொண்டை காயும். பிறகு பாடு."

"அம்மா, கீழ இறங்குங்கோ. நான் பிறகு சொல்லுறன்."

"பாடிப்போட்டுச் சொல்லு."

"நான் பாடுறேல்லை அம்மா."

"என்ன?"

"நான் பாட்டுக்காரன் இல்லை. வயர் பூட்டுறனான். மைக் சரியோ எண்டு பாக்கிறனான். பாடுறது அஜந்தன் அண்ணை."

மைக் திறந்துதான் இருந்தது. அதைத் திறந்து, சரிபார்த்து, பாரின் கடைசி மூலை வரைக்கும் துல்லியமாகக் கேட்கிற மாதிரி வைத்தவனும் அவன்தான். தாயும் மகனும் கதைத்த ஒவ்வொரு சொல்லும் அத்தனை பேர் தலைக்கு மேலாலும் போயிற்று. மேசைத் தாளம் நின்றது. அன்று பின்னேரம் அந்த பாரில் இருந்தவர்கள் எதையாவது ஒழுங்காகக் கேட்டார்கள் என்றால் அது இதைத்தான்.

ஞானமலர் சோடாப் போத்தலோடு நின்றாள். மகனுடைய கழுத்தில் கிடந்த மாலையைப் பார்த்தாள். பிறகு, மைக் அவளுடைய வாய்க்கு நேராக இருக்கிறதென்பது தெரியாமல், கேட்டாள்: "அப்ப இந்த மாலையை நான் ஆருக்குப் போட்டனான்?"

"எனக்குப் போடுங்கோ அம்மா" என்று ஒருவன் கத்தினான். சிரிப்பு வெடித்தது. அவள் மாலையைத் தொட்டு நேராக்கினாள், அது அப்படியே மகனுடைய கழுத்திலேயே இருக்கட்டும் என்பது போல. அந்த அசைவில் ஐஸ் தண்ணீர் கீழே கிடந்த வயர்ப் பெட்டிக்கு மேல் சொட்டியது. டப் என்று ஒரு சத்தம். மைக் போயிற்று, ஸ்பீக்கர் போயிற்று, அதே பிளக்கில் மாட்டியிருந்த ரீவீயும் போயிற்று. கடைசி ஓவர்.

அதற்குப் பிறகு நடந்ததை விவரிக்க ஒரு நல்ல ஏலக்காரனுடைய வாய் வேண்டும். ரீவீக்காகக் கத்தினவர்கள் ஒருபக்கம், அவர்களைப் பார்த்துச் சிரித்தவர்கள் ஒருபக்கம். மனேச்சர் துடைக்கத் துவாயோடு ஓடிவந்தார். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கதவடியில் நின்ற அஜந்தன், தன்னுடைய மேடையில் மாலையோடு வேறொருவன் நிற்பதைப் பார்த்துத் திரும்பி உள்ளே போய்விட்டார். றொனால்ட் மாலையைக் கழற்ற மறந்து, தவழ்ந்து தவழ்ந்து வயரைப் பிடுங்கித் துடைத்துக்கொண்டிருந்தான். துசியந்தன் ரோச் லைட் அடித்துக் காட்டினான். அருளப்பு தன்னுடைய தேத்தண்ணீரைக் காப்பாற்றிக்கொண்டு நின்றார்.

ரீவீ திரும்பி வந்தபோது மட்ச் முடிந்துவிட்டது. யார் வென்றார்கள் என்பதில் ஒரு சண்டை. அஜந்தனைக் கெஞ்சிக் கூட்டிவந்தார்கள், அவர் பாடினார். பாடினார் என்று வாயசைவிலிருந்து தெரிந்தது. பாட்டுக்காரனுக்கு முன்னாலேயே நின்ற ஞானமலருக்கும் ஒரு சொல் விளங்கவில்லை. எல்லாரும் கத்திக் கதைத்தார்கள், மேசைக்கு மேசை கிளாஸ் உடைந்தது. யாரோ அவளுடைய காலில் ஏறி நின்றுவிட்டு அவளுக்கே "சொறி அக்கா" சொல்லிக் கையையும் குலுக்கினான். கடலைப் பிளேட்டை யாரோ கொண்டுபோய்விட்டார்கள். ஸ்பீக்கருக்குப் பின்னால் மாலையோடு குந்தியிருந்த மகனை அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஏமாற்றம் பொங்கிக்கொண்டு வந்தது. இவ்வளவு தூரம், இந்தச் சேலை, இந்தப் பெட்டி, இந்தப் பெருமை எல்லாம் வன், டூ என்ற இரண்டு சொல்லுக்கு. ஊருக்கு என்ன சொல்வது என்பது ஒரு கவலை. அதைவிடப் பெரிய கவலை, இந்தமுறையும் கேட்கவில்லை என்பது.

மனேச்சர் நல்ல மனிசன், அல்லது மிகவும் களைத்த மனிசன். றொனால்டின் தோளில் தட்டி, "அம்மாவைக் கூட்டிக்கொண்டு போம். நாளைக்குப் போயா. திங்கட்கிழமை வாரும். மாலை இல்லாமல் வாரும்" என்றார்.

வைரவபுளியங்குளத்தில் பிரேமிளா என்று ஞானமலருக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி இருக்கிறாள். அங்கே தங்குவதாக ஏற்பாடு. ஓட்டோ ஒன்றைப் பிடித்து மூவரும் ஏறினார்கள். பெட்டி அருளப்புவின் மடியில், மாலை இன்னும் றொனால்டின் கழுத்தில், நடுவில் ஞானமலர். காது இரண்டும் இரைந்துகொண்டிருந்தன.

"ஏன்டா எனக்குப் பொய் சொன்னனி?"

"பொய் சொல்லேல்லை அம்மா. மேடையில நிக்கிறன் எண்டுதான் சொன்னனான்."

"நிக்கிறான் எண்டுதான் நான் ஊருக்கும் சொன்னனானோ? அப்பாக்குத் தெரியுமோ இது?"

அருளப்பு வெளியே பார்த்தார். அங்கே பார்க்க ஒன்றுமில்லை, ஒரு மருந்துக்கடைப் பலகைதான்.

"உங்களுக்குத் தெரியும், என்ன?"

"போன வருசம் சொன்னவன்" என்றார் அருளப்பு. "நீர் அந்த நேரம் சந்தோசமா இருந்தனீர். பிறகு சொல்லுவம் எண்டு விட்டனான்."

"பிறகெண்டால் எப்ப? நான் பெட்டியோட மேடைக்கு ஏறின பிறகோ?"

அருளப்புவின் மடியில் இருந்த பெட்டி குலுங்கத் தொடங்கியது. மனிசன் சிரிக்கிறார். சத்தமில்லாமல், வயிற்றால் சிரிக்கிறார். ஞானமலர் கோபமாக அவருடைய தொடையில் ஒன்று போட்டாள். போட்ட கையோடு அவளுக்கும் சிரிப்பு வந்தது. வன், டூ என்று சொல்லிப் பார்த்தாள், இன்னும் கூடச் சிரிப்பு வந்தது. ரீவீ நின்றபோது எழும்பி நின்று தலையில் கைவைத்த ஒரு வழுக்கைத் தலைக்காரரை நினைத்தாள். மூவரும் சிரித்த சிரிப்பில் ஓட்டோ ஒருபக்கம் சரிந்தது. ஓட்டோக்காரன் கண்ணாடியால் அவர்களைப் பார்த்தான். சாராயம் மணக்கவில்லை, மீன்தான் மணந்தது. அவனுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது.

சிரிப்பு ஓய்ந்தபின் றொனால்ட் மெல்லச் சொன்னான். "சின்னனில எனக்குப் பாட்டு வந்ததுதான் அம்மா. சனம் சொன்னது பொய்யில்லை. மீசை வந்த நேரம் குரல் உடைஞ்சது. பிறகு திரும்பி வரேல்லை. இஞ்ச வந்து பாடிக் காட்டினனான். அஜந்தன் அண்ணை கேட்டுப்போட்டு, தம்பி நீர் வயரைப் பிடியும் எண்டு சொன்னவர்."

ஞானமலர் முகாமை நினைத்தாள். முகாமில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டது அந்தக் குரலுக்குத்தான். அது உலகத்தில் இருந்திருக்கிறது, எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், அவள் மட்டும் கேட்கவில்லை. இனிமேல் கேட்கவும் முடியாது. தண்ணீர் வாளியையும் கறிச் சட்டியையும் காற்றுப்போன ரயரையும் அவள் அந்த நேரம் வெறுத்தாள். மகன் பக்கம் முழுதாகத் திரும்பினாள். அருளப்புவுக்குப் பயமாகிவிட்டது.

"பாடு" என்றாள்.

"அம்மா, இப்பதானே சொன்னனான்."

"கேட்டனான். பாடு."

"ஓட்டோவுக்குள்ளயோ? இந்தக் குரலிலயோ?"

"என்ர பிள்ளை பாடி நான் ஒருக்காவும் கேக்கேல்லை. எனக்கு நல்ல பாட்டு வேண்டாம். உன்ர பாட்டு வேணும். பாடடா."

அவன் அப்பாவைப் பார்த்தான். மருந்துக்கடை பின்னால் போய்விட்டதால் அப்பா இருட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவன் தொண்டையைச் செருமினான், மாலையைக் கொஞ்சம் தளர்த்தினான், ஒரு மாதா பாட்டைத் தொடங்கினான்.

உண்மையைச் சொல்லவேண்டும். அது மோசம். முதல் வரி எங்கேயோ தொடங்கி வேறெங்கேயோ போய் முடிந்தது. மேலே போகவேண்டிய இடத்தில் குரல் ஏற மறுத்து, பாதியில் கிரீச்சிட்டுக் கீழே விழுந்தது. அருளப்பு பெட்டி மூடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். தெருவில் படுத்திருந்த நாய் ஒன்று எழும்பி, ஓட்டோவுக்குப் பின்னால் கொஞ்சத் தூரம் ஓடிவந்தது. ஞானமலர் கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, கோயிலில் முதல் வரிசை வாங்கில் இருக்கிறவளைப் போல நிமிர்ந்து இருந்தாள். கன்னத்தில் தண்ணீர் ஓடியது. அது சிரித்ததில் மிஞ்சியதா, வேறா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

இரண்டாம் அடி தொடங்கியபோது ஓட்டோக்காரனுக்குப் பொறுமை போய்விட்டது. கையை மெல்ல நீட்டி றேடியோவை முறுக்கினான். நல்ல குரலில், நல்ல சுருதியில், யாரோ ஒரு பாடகர் ஓட்டோவை நிறைத்தார். றொனால்ட் சட்டென்று நிறுத்தினான்.

ஞானமலர் கண்ணைத் திறந்தாள்.

"தம்பி, அதை நிப்பாட்டுங்கோ" என்றாள். "பிள்ளை பாடுறான்."